மிதிக்க ஆள் தேடாத கருவி

அன்புள்ள நட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், காரும் சுகம், உன் மாமா வழக்கம்போல ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் அளவுக்குச் சுகம். நீ சுகமா என்று கேட்டால் "ம்" என்பாய், அதனால் கேட்கவில்லை. உன் காருக்குச் சுகமில்லை என்பது தெரியும், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் பேசும்போது நடுவே நீ பேசுவாய், பிறகு நான் கத்துவேன், பிறகு அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் திட்டி முடித்துவிடுகிறேன். சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே துடைப்பக் கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை எடுக்கப் போனாயே, எந்தப் புத்திசாலி சொன்ன வழி அது? சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்ததும் பெடல் உள்ளே இறங்கும், கட்டை நழுவும், பெடல் மேலே எழும்பும், வெளியே போன காற்று போன வழியே திரும்பி வரும். இருந்த காற்று போதாதென்று புதிதாகவும் ஏற்றிவிட்டு, பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது என்கிறாய், பின்னே எப்படி இருக்கும்? ஆனால் ஏன் செய்தாய் என்பது புரிகிறது. நம் வீட்டில் இது எப்போதும் இரண்டு பேர் வேலை. நான் சக்கரத்தடியில், அம்மா சீட்டில். நான் "மிதி" என்பேன், அம்மா "மிதிச்சாச்சு" என்பாள், அந்தப் பதில் வராமல் நான் ஸ்பானரைத் திருப்பியதே கிடையாது. அதைப் பார்த்தே வளர்ந்தவள் நீ. பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் ஒரு கட்டையை உட்கார வைத்துவிட்டாய்.

அங்கே ஒர்க்‌ஷாப்காரர் "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா, யாரையாவது கூட்டிட்டு வா" என்றாராம். மாத முடிவுக்குள் சொந்த வண்டியில் வரவில்லையென்றால் நீரேற்று நிலையத்திலிருந்து உன்னை அலுவலக மேசைக்கு மாற்றிவிடுவேன் என்று உன் அதிகாரி சொன்னாராம். அம்மாவிடம் நீ சொன்னதை அம்மா மாமாவிடம் சொல்ல, மாமா தன் ஸ்பேர் பார்ட்ஸ் கடையை அப்படியே விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். "பாருங்க மாப்பிள்ளை, ஒரு பெடலை மிதிக்கக்கூட ஆள் இல்லாத ஊர்ல அவளுக்கு என்ன பொழப்பு? கூப்பிடுங்க. மேசை வேலைதான்னா அதை இங்க பாக்கட்டும்" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் வேலையில் லிஃப்ட் பிரேக்கை நான் தனியாளாகத்தான் கழற்றி மாட்டுகிறேன், அதில் நாள் முழுக்க ஊரே ஏறி இறங்குகிறது, எனக்குத் துணைக்கு யார் நிற்கிறார்கள் என்று யாராவது கேட்டதுண்டா? "ஆள் இல்லைன்னா ஆள் வேண்டாத கருவியா வாங்கிக் கொடுப்போம் மச்சான், பொண்ணை எதுக்கு மூட்டை கட்டச் சொல்றீங்க" என்றேன். "அப்படி ஒண்ணு ஒழுங்கா வேலை செஞ்சா நான் இனிமே வாயே திறக்கல" என்றார். அவர் வாயை மூட இப்படி ஒரு வாய்ப்பு எனக்கு எப்போது கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை அவரே கடையிலிருந்து மூன்று கருவி கொண்டுவந்தார், ஜெயிக்க அல்ல, மூன்றும் தோற்பதைப் பார்க்க. நம் காருக்கு ஜாக்கி போட்டு, பின் சக்கரத்தைக் கழற்றி, அங்கே இருக்கும் நிப்பிளைத் திறந்து வேண்டுமென்றே காற்றை உள்ளே விட்டேன். ஒப்பந்தம் இதுதான்: வேலை முழுக்க நான் தனியாக, கடைசியில் மிதித்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது அம்மா. அந்தப் பெடலை அவள் கால் மாதிரி அறிந்த கால் வேறு கிடையாது, அதனால் இரண்டு பேருக்கும் சம்மதம். முதலாவது, ஒருவழி வால்வு வைத்த டியூபும் பாட்டிலும். மலிவு. ஆனால் நான் சீட்டில் மிதிக்கும்போது டியூபில் குமிழி வருகிறதா என்று தெரியவில்லை, இறங்கி ஓடிப் பார்ப்பதற்குள் மேலே டப்பாவில் பிரேக் ஆயில் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அம்மா மிதித்துவிட்டு "மெத்துன்னு இருக்கு" என்றாள். நியாயமான தீர்ப்பு. இரண்டாவது, கையால் உறிஞ்சும் பம்ப். நிப்பிளின் மரை வழியாகவும் அது காற்றை இழுக்கிறது, குமிழி நிற்கவே இல்லை. மாமா டீயை உறிஞ்சிக்கொண்டே "என்ன மாப்பிள்ளை, சோடாக் கடை போட்டுட்டீங்களா" என்றார். அம்மா மறுபடியும் "மெத்துன்னு இருக்கு." மூன்றாவது, ஆயில் டப்பாவின் மூடிக்குப் பதிலாகத் தன் மூடியைத் திருகிக்கொண்டு மேலிருந்து அழுத்தம் கொடுக்கும் பம்ப் டாங்கி. டயரில் இருப்பதில் பாதி அழுத்தம்கூட வைக்கவில்லை. சக்கரத்தடியில் உட்கார்ந்து நிப்பிளைத் திறந்தேன், பெரிய பெரிய குமிழியாகக் கக்கிவிட்டு, பிறகு கண்ணாடி போலத் தெளிந்த ஆயில் ஓடியது. அம்மா ஏறி மிதித்தாள். "இன்னும் மெத்துன்னுதாங்க இருக்கு" என்றாள்.

மாமா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டார், கூட்டம் முடிந்தது என்பது போல. தெளிந்து ஓடிய ஆயிலை என் கண்ணால் பார்த்தவன் நான், சும்மா விடுவேனா? கதவைத் திறந்து குனிந்து கையாலேயே பெடலை அழுத்தினேன். கல். அம்மாவைப் பார்த்தேன், அவள் முன் கண்ணாடியைப் பார்த்தாள். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு நயமாகப் பேச வராது. "பொய் சொல்ற" என்றேன். "ஆமா, கல்லு மாதிரிதான் இருக்கு, இப்ப அதுக்கு என்ன? இது சரியா இருந்துட்டா அவ திரும்பி வர்றதுக்கு ஒரு காரணமும் இல்லியே" என்று கத்திவிட்டு ஸ்டீயரிங்கிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். மாமா டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் சொன்னது இவ்வளவுதான்: "பிரேக் சரியாகலைன்னா அவ இங்க வரமாட்டா. பிரேக் இல்லாமயே வண்டியை எடுப்பா. உன் பொண்ணுடி அவ." அம்மா தலையை நிமிர்த்தி, "ஜாக்கியை இறக்குங்க" என்றாள். நான் சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, நட்டுகளை முறுக்கி முடித்ததும், "அண்ணே, ஏறுங்க" என்றாள். மாமா ஏதோ சொல்ல வந்தார். "ஏறுங்கன்னேன்ல." தெருமுனை வரை போய் அவள் போட்ட பிரேக்கில் மாமாவின் மூக்குக் கண்ணாடி காலடியில் விழுந்ததாம். திரும்பி வந்து இறங்கியவர் "இருந்தாலும் தங்கச்சி" என்று ஆரம்பித்தார். "இருந்தாலும் ஒண்ணும் இல்லண்ணே. அவ காரை அவ பாத்துப்பா. உங்க கடையிலேர்ந்து அவ காருக்குப் பொருந்துற மூடியைத் தேடி எடுத்து வைங்க" என்றாள். இரண்டாவது பம்புக்குச் சொன்ன தீர்ப்பாவது உண்மையா என்று நான் இன்னும் கேட்கவில்லை. எதுவானாலும் சரி, குமிழி நிற்காமல், வேலை எப்போது முடிந்தது என்று சொல்லத் தெரியாத கருவி உனக்கு வேண்டாம்.

பார்சல் வருகிறது, அதில் டாங்கியும் மூடியும் இருக்கின்றன. ஆயில் அங்கேயே சீல் உடைக்காத டப்பாவாக வாங்கு, எந்த வகை என்பது உன் காரின் மூடியிலேயே பொறித்திருக்கும். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதே, கஞ்சத்தனம் காட்டும் இடம் இதுவல்ல. வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே குனியாதே, ஸ்டாண்ட் வை, மற்ற சக்கரங்கள் உருளாமல் அடை கொடு. எந்தச் சக்கரம் முதலில் என்று காரோடு வந்த புத்தகத்தைப் பார். டாங்கியில் ஆயில் தீரும் வரை விடாதே, தீர்ந்தால் மறுபடி காற்று. மூடியைக் கழற்றும் முன் அழுத்தத்தை வெளியேற்று, இல்லையென்றால் ஆயில் முகத்தில்தான், கண்ணுக்குக் கண்ணாடி போடு. பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர். எல்லாம் முடித்து, மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அது காற்று இல்லை, வேறு கோளாறு. அப்போது வண்டியை எடுக்காதே, ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போ, நீயே சொந்தமாக, எந்த ஆம்பளையும் இல்லாமல். பக்கத்தில் யாராவது மிதித்துத் தருகிறேன் என்று வந்தால் வேண்டாம் என்று வீம்பு பண்ணாதே. ஆள் கிடைத்தால் நல்லது, கிடைக்காததால் உன் வேலை நிற்கக் கூடாது, அவ்வளவுதான் நான் சொல்வது.

நீ நின்ற இடத்தில் உறுதியாக நில், உன் கைக்கு வந்த வேலை உன் கையை விட்டுப் போகாமல் இருக்கட்டும். வர வேண்டியிருக்கிறதே என்று எங்கள் வாசலுக்கு வராதே. வரத் தோன்றினால் வா, அன்றைக்கு அம்மா உன்னை விடமாட்டாள், அது உங்கள் இருவர் பாடு. மறக்காமல் ஒன்று செய்: வேலை முடிந்ததும் பெடல் எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லாதே, அம்மாவுக்குச் சொல். உள்ளதை உள்ளபடி சொல். பெடல் விஷயத்தில் பொய் சொன்னால் அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள், அவளுக்கு அதில் இப்போது அனுபவம் உண்டு.

இப்படிக்கு,
உன்னைத் திட்டியே வளர்த்த, இனியும் திட்டப்போகிற
அப்பா