ஸெலிந்தா விட்டுக்கொடுக்காத ஓர் அடி

அன்புள்ள எவாரிஸ்தோவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். சுவிஸ் மலையில் அணைக்கட்டு வேலை எப்படிப் போகிறது? பாறைக்கு வெடி வைக்கும்போது தள்ளியே நில்லுங்கள். சின்னவனுக்கு இருமல் விட்டுவிட்டது. வைக்கோல் முழுக்கக் கொட்டிலுக்குள் சேர்த்தாயிற்று. உருளைக்கிழங்கு இந்த வருஷம் சுமார்தான்.

இனி பெரிய செய்தி. நான் எழுதிய கூத்தை நம் புல்வெளியில் ஆடிவிட்டார்கள்! பொம்பளை எழுதிய கூத்தா என்று முகம் சுளித்தவர்கள் எல்லாம் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அது லேசில் நடக்கவில்லை. நம் கூத்தின் சட்டம் உங்களுக்குத் தெரியாததா? அடிக்கு எட்டு அசை, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒத்திகையில் வாத்தியார் உல்தெரிக்கோ ஒவ்வோர் அடியையும் மேசையில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக வந்தது. படைத்தலைவன் மனைவியிடம் விடைபெறும் இடத்தில் மட்டும் சிக்கல். 'மீண்டும் வருவேன்' என்பதற்கு நான் போட்ட வினைச்சொல் ரி-தொர்-நெ-ரோ. தட்டினால் ஓர் அசை மிஞ்சுகிறது. உங்கள் சித்தப்பா மகன் நெல்லோதான் படைத்தலைவன். அவன் உடனே அந்த அடியே வேண்டாம் என்றான்.

பாவாடை நீளமாகிவிட்டால் தூக்கியா எறிவார்கள்? முன்னால் ஒட்டியிருந்த 'ரி'யைக் கழற்றினேன். தொர்-நெ-ரோ. அதற்கும் திரும்பி வருவேன் என்றுதான் பொருள். 'நான்' என்பதும் 'இனிமேல்' என்பதும் கடைசி ரோவிலேயே அடங்கிவிடுகிறது. வாத்தியார் மறுபடி தட்டினார். கச்சிதமாக எட்டு. "கெட்டிக்காரிதாம்மா நீ" என்றார்.

நெல்லோவுக்கு அப்போதும் முகம் தெளியவில்லை. என்னடா குறை என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றிக் கையில் திருப்பினான். பிறகு சொன்னான்: "அசை கிடக்கட்டும் அண்ணி. இந்த ஊரை விட்டுப் போனவன் எவன் திரும்பி வந்தான்? அண்ணன் வந்து ரெண்டு கோடை ஆச்சு. நீங்க எழுதி நான் பாடினா சனம் சிரிக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சிரித்தால் சிரிக்கட்டும், அந்த அடி இல்லாமல் என் கூத்து இல்லை என்று சொல்லிவிட்டேன். அவனும் அரைமனதாகத் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை கூத்தில் அடி எடுத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. கையில் ஏட்டோடு நடிகர்கள் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தேன். விடைபெறும் கட்டம் வந்தது. நெல்லோவின் காதில் அடியைச் சொன்னேன். வாயே திறக்கவில்லை. பிடில்காரர் இன்னொரு சுற்று வாசித்தார். மறுபடி சொன்னேன். அவன் ஒயின் குடுவையை வாங்கிக் குடிக்க ஆரம்பித்துவிட்டான், பாவி.

நானே பாடினேன். ஏட்டை மூடிவிட்டு, ஊரே கேட்க, அந்த அடி வரும் பாட்டின் நான்கு அடியையும் ஓங்கிப் பாடினேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. புருஷன் பெல்ஜியம் சுரங்கத்தில் இருக்கிறானே, அந்த மாவு மில் கார்லேத்தா, அவள்தான் முதலில் எழுந்து நின்றாள். பிறகு ஒவ்வொரு பெண்ணாக எழுந்தார்கள். பாடுகிறவர்களுக்கு மட்டுமே கொடுக்கும் ஒயினை வாத்தியார் எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். ஒரே மடக்கில் குடித்துவிட்டேன்.

புனித ரோக்கோ திருவிழாவுக்குப் பக்கத்து ஊரில் அதே கூத்தை ஆடச் சொல்லியிருக்கிறார்கள். நெல்லோ வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டான். படைத்தலைவனுக்கு எங்கே போவது என்று வாத்தியார் கேட்டதும், "என் வீட்டுக்காரர் வருவார்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் வாக்குக் கொடுத்ததற்குக் கோபம் வந்தால் நேரில் வந்து திட்டுங்கள். வர முடியாதென்றால் காரணம் எதுவும் எழுத வேண்டாம். பாட்டை நானே பாடிக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்டிருந்த கம்பளிக் காலுறை பின்னி முடித்தாயிற்று. தபாலில் அனுப்ப மாட்டேன்.

புனித ரோக்கோ உங்களுக்கு வழித்துணையாக இருக்கட்டும்.

உங்கள்
ஸெலிந்தா