அப்பா சாத்திய கேட்

அன்புள்ள அம்மா,

லாக்லன் எழுதுகிறேன். நான் நலம். உன் முழங்கால் தேவலையா? பால் கறக்க ஆள் வைத்துவிட்டு, திடீரென்று கிளம்பி மூன்று நாள் காரோட்டி, நான் வேலை செய்யும் இந்தப் பெரிய மாட்டுப் பண்ணைக்கு வந்தீர்களே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "நம்ம அறுபது மாட்டுக்கும் பேரு இருக்கு. இங்க நாப்பதாயிரம்! என்னன்னுடா கூப்பிடுவே?" என்று அப்பா சிரித்தாரே.

ஒரு சின்ன விஷயம். திரும்பும்போது, திறந்து கிடந்த கேட் ஒன்றை அப்பா நம் பண்ணைப் பழக்கத்தில் சாத்திவிட்டார். இங்கே திறந்திருப்பதைத் திறந்தபடியே விடவேண்டும். மாடுகள் இந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி அந்தப் பக்கம். நான்கு நாள் வெயிலுக்குப் பிறகுதான் பார்த்தோம். கொஞ்சம் செத்துவிட்டன.

"எந்த மடையன்டா சாத்துனது?" என்று மேலாளர் கத்தினார். அந்த வழியில் போனது உங்கள் கார் மட்டும்தான்; ஆனாலும் நான்தான் என்றேன். தண்டனையாக இப்போது தினமும் தனியாக வேலியைச் சுற்றி வருகிறேன், அவ்வளவுதான்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. நம் மாடுகளின் பேரையும் எழுதி அனுப்பு. செத்தவற்றை இழுத்துப் போடும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன், பாதி மறந்துவிட்டது.

நேற்று அப்பா போனில், "போறப்ப ஒரு கேட்டு திறந்து கெடந்துச்சு, சாத்திட்டு வந்தேன், பாத்தியா?" என்று பெருமையாகக் கேட்டார். "பாத்தேன்பா, நல்லா சாத்தியிருந்தீங்க" என்றேன். அவர் பேச்செடுத்தால் நீயும் அப்படியே சொல்லு.

தபால் வண்டி வந்துவிட்டது.

லாக்லன்