பற்றவைக்கும் முன்

என் அன்பு மனைவிக்கு,

இங்கே நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

ஒரு சின்ன விஷயம். பயப்படாதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மலையேறப் போகிறவர்கள் பையில் போட்டுக்கொண்டு போகும் ஒற்றை அடுப்பு ஒன்று செவ்வாயன்று எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்தது. ஐந்தே நிமிடத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்தது. மின்விசிறிக் காற்றிலும் அணையவில்லை. மேலாளர் 'தேர்ச்சி' முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். புது கேஸ் டப்பாவை மாட்டி இன்னொரு முறை பற்றவைப்பதுதான் பாக்கி. லைட்டரை அழுத்தும் முன், தினமும் நீ செய்வதைப் போலவே குனிந்து மோந்து பார்த்தேன். லேசாக கேஸ் வாடை.

"என்னப்பா, அடுப்புக்கு முத்தம் குடுக்கறியா? சீக்கிரம் பத்த வை!" என்றார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று டப்பா மாட்டிய இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவினேன். குபுகுபுவென்று நுரை. மனிதர் முத்திரையைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுத் தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நல்லவேளை, தப்பிச்சோம்யா!"

எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. உன்னை எத்தனை நாள் 'மோப்ப நாய்' என்று கேலி செய்திருப்பேன்! அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வீட்டு சிலிண்டர் குழாயை இந்த மாதமே மாற்றிவிடு. என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. இப்போது போட்டிருப்பதன் கால் ஒடிந்து, நூல் கட்டி ஓட்டுகிறேன். வேலைக்குக் கூட்டிப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

என் அறையில் இருப்பது கரண்ட் அடுப்புதான். இருந்தும் இன்று காலை சுவிட்சைப் போடும் முன் குனிந்து மோந்து பார்த்தேன். கேலி செய்யத்தான் பக்கத்தில் ஆளில்லை.

உன் வீட்டுக்காரன்