பின்சக்கரத்தில் ஒரு ‘டொக்’

மார்ச் 3, திங்கள்

இன்று பதினோரு வீடுகள். நான்கு பேருக்குக் கட்டு மாற்றல், ஐந்து பேருக்கு ஊசி, மீதி இரண்டு பேருக்கு வெறும் பேச்சுத் துணை. வீடு வீடாகப் போகும் நர்ஸுக்கு அதுவும் சிகிச்சையில் சேர்த்திதான்.

மூன்றாவது வீட்டுக்குப் போகும் வழியில், சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்சிலேட்டரைத் திருகினேன். பின்சக்கரத்தில் ‘டொக்’ என்றது. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல. பிரேக் பிடித்தேன். இன்னொரு ‘டொக்’. ஒரே வேகத்தில் போனால் பரம சாது.

என்னுடையது மின்சார பைக். செயின் கிடையாது, பெல்ட் கிடையாது. மோட்டாரே பின்சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சத்தம் போட அங்கே வேறு ஆள் இல்லை.

நேற்று காலை வரை இந்தச் சத்தம் இல்லை. நேற்று மதியம்தான் என் வீட்டுக்காரர் பஞ்சர் ஒட்டினார். இதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். வாயைத் திறக்கப் போவதில்லை.

மார்ச் 4, செவ்வாய்

“வண்டி எப்படி ஓடுது?” என்று கேட்டார்.

“வெண்ணெய் மாதிரி.”

திருமணமான பதினாறு வருடத்தில் இவ்வளவு வழுக்கலான பொய்யை நான் சொன்னதில்லை.

வேறென்ன செய்ய? ஆறு மாதம் முன்பு பிரஸ் மெஷினில் அவருடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் போயின. இருபது வருடம் மெஷின் ஃபிட்டராக இருந்தவர். அதற்குப் பிறகு ஜன்னலோர நாற்காலிதான் வீடு, கால்சட்டைப் பைதான் அந்தக் கைக்கு இருப்பிடம். விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்விடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை என் வண்டியின் பின்சக்கரம் காற்றில்லாமல் சப்பிக்கிடந்ததைப் பார்த்துவிட்டு, “தள்ளு” என்றார். இரண்டரை மணி நேரம் ஆனது. நட்டு மூன்று தடவை கை நழுவி விழுந்தது. நான் குனிந்து எடுக்கப் போனதற்கு ஒரு முறைப்பு. எல்லாம் முடிந்து கை கழுவிவிட்டு, அந்தக் கையை வாசலில் வெளிச்சத்தில் வைத்துத் துடைத்தார். பைக்குள் போகவில்லை. அன்று முழுக்க.

இப்போது போய், “ஏங்க, நீங்க மாட்டின சக்கரம் தட்டுது” என்று சொல்வேனா? என் நாக்கு அழுகிப்போகட்டும்.

மார்ச் 5, புதன்

தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவர் காதில் விழக் கூடாதே.

“ஏன் தள்ளிட்டு வர்ற?”

“இடுப்புக்கு நல்லதாம்.”

“யார் சொன்னா?”

“நர்ஸு.”

மார்ச் 6, வியாழன்

இரண்டாம் மாடியில் இருக்கும் கால் புண் தாத்தா நான் மணி அடிப்பதற்கு முன்பே கதவைத் திறந்து வைத்திருந்தார். “நீ ரெண்டு தெரு தள்ளி வர்றப்பவே டொக்குன்னு கேட்டுடுச்சும்மா.” அவ்வளவு பிரபலமாகிவிட்டது என் பின்சக்கரம்.

மதியம் மருந்துக்கடை பின்னால் வண்டியை நிறுத்தி, கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைச் சக்கரத்தின் நடுவில் வைத்தேன். ஒரு கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். சுத்தமான மூச்சு. இரைச்சல் இல்லை, உரசல் இல்லை. அப்படியென்றால் உள்ளே எதுவும் உடையவில்லை என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன்.

மருந்துக்கடைக்காரர் கதவோரம் நின்று எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. “பிபியும் பாத்துடுங்க சிஸ்டர்” என்றார்.

மார்ச் 8, சனி

மனசு கேட்கவில்லை. தம்பியின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். கூடப்பிறந்தவன் மெக்கானிக்காக இருப்பதில் ஒரே ஆதாயம், அவனிடம் மானம் பார்க்க வேண்டியதில்லை.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிக் கையால் சுற்றினான். சத்தமில்லை. “பேரிங் நல்லாருக்கு, உள்ள காந்தமும் கழண்டுக்கல” என்றான். (என் ஸ்டெதஸ்கோப் வென்றது. ஆனால் இதை அவனிடம் சொல்லவில்லை.) பிறகு அச்சு முனையிலிருந்து வண்டிச் சட்டம் வரை சாக்பீஸால் நேராக ஒரு கோடு இழுத்தான். தெருவில் ஒரு சுற்று போய் வந்தான். கோடு உடைந்திருந்தது. அச்சில் இருந்த பாதி ஒரு பக்கம் நகர்ந்து நின்றது.

“அக்கா, அச்சு அசையுது. அது அசையவே கூடாது. கொக்கி மாதிரி நாக்கு வச்ச வாஷர் ஒண்ணு இருக்கும், அதோட நாக்கு சட்டத்துல வெட்டிருக்கிற இந்தக் காடிக்குள்ள உக்காரணும். இங்க அதைத் திருப்பி மாட்டிருக்கு. வேகம் எடுத்தா ஒரு பக்கம் திரும்புது, பிரேக் புடிச்சா மறுபக்கம். இப்படியே ஓட்டினா ஒருநாள் அச்சு முழுசா சுத்தி ஒயரை அறுத்துரும். நடுரோட்ல சக்கரம் இறுகிரும். எவன்கா மாட்டினான்?”

“உங்க மாமா.”

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

பத்து நிமிஷ வேலை, சத்தமில்லாமல் சரிசெய்து தருகிறேன் என்றான். நானும் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்புறம் தோன்றியது — அவர் செய்ததை நாங்கள் இரண்டு பேரும் திருட்டுத்தனமாகத் திருத்திவிட்டு, காலம் பூரா அவர் முகத்தைப் பார்த்து ‘வெண்ணெய் மாதிரி’ என்று சொல்லிக்கொண்டே இருப்பதா? அது அவரைக் குழந்தையாக்குவது இல்லையா? எனக்கே கோபம் வந்தது, என்மேல்.

“கை வைக்காத. நாளைக்கு வீட்டுக்கு வா. வந்து ஒண்ணும் தெரியாதவன் மாதிரி நடி.”

“அதுக்கு நடிக்கணுமான்னு மாமா கேப்பாரு” என்றான். போகட்டும், தன்னைப் பற்றி அவனுக்குத் தெளிவு இருக்கிறது.

வண்டியை வீடுவரை தள்ளினேன். இடுப்புக்கு நல்லதெல்லாம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலை பத்து மணி. தம்பி வந்தான். வண்டியை ஜன்னலுக்கு நேராக நிறுத்தச் சொன்னது என் ஏற்பாடு. சத்தம் வருகிறது என்று அவர் காதுபடச் சொன்னேன். அவர் முகம் ஒரு நொடி மாறியது. ஆனால் தம்பி அதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

“மோட்டாருக்குள்ள காத்து பூந்துருக்கு அக்கா.”

ஜன்னலில் அசைவில்லை.

“அதான் கேஸ் மாதிரி தட்டுது. மோட்டாரைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடணும். இல்லன்னா ஒரு வாரம் வெயில்ல வச்சுப் பாக்கலாம்.”

“வெயில்லயா?” ஜன்னலுக்குள்ளிருந்து குரல். “மாப்ள, அது என்ன வத்தலா?”

“இல்ல மாமா, காத்து விரிஞ்சு தானா வெளிய—”

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. வெளியே வந்தார். கை பைக்குள்தான் இருந்தது. “தள்ளுய்யா” என்றார். தம்பியைத் தள்ளுவதற்கு அந்தக் கை வெளியே வந்தது.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினார். கையால் சுற்றினார், ஒன்றுமில்லை. பவர் போட்டுச் சுற்றவிட்டார், ஒன்றுமில்லை. “சும்மா சுத்தினா வரல. அப்ப உள்ள இல்ல.” என்னை வண்டியில் உட்காரவைத்து ஸ்டாண்டை எடுத்தார். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டே கொஞ்சமாகத் திருகச் சொன்னார். தான் கீழே குத்துக்காலிட்டு, மிச்சமிருக்கும் மூன்று விரல்களை அச்சு முனையில் வைத்தார். திருகினேன். டொக். விட்டேன். டொக்.

“கெடச்சுட்டான்.”

நட்டைக் கழற்றி வாஷரை உருவினார். திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பிப் பார்த்தார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் வண்டியின் கண்ணாடியைப் பார்த்தேன். தெருவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

“இதை எவன் மாட்டினான்?” மெதுவாகக் கேட்டார். தெரிந்தேதான் கேட்டார்.

என்ன சொல்லலாம் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

“யாரோ ஒருத்தருங்க. ரெண்டு விரல் கம்மியாம்.”

ஆறு மாதமாக எங்கள் வீட்டில் யாரும் விரல் என்ற சொல்லையே உச்சரித்ததில்லை. மோதிரம் பற்றிக்கூடப் பேச மாட்டோம். தம்பி முகத்தில் ரத்தமே இல்லை. போச்சு, கெடுத்துட்டேன், வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா எனக்கு—

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் சிரிப்பு. தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். “ரெண்டு விரல் கம்மின்னா சரி. அவனுக்கு மூளையுமா கம்மி?”

நாக்கைக் காடிக்குள் உட்காரவைத்து, நட்டை இறுக்கி, தெருக்கோடி வரை அவரே ஓட்டிப் போய் வந்தார். சத்தமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். இவர் அறைக்குள் ஓடவில்லை.

மார்ச் 10, திங்கள்

காலையில் நான் காபியைக் கொடுக்கும்போது சொன்னார், “உன் தம்பிக்கு நடிப்பு வரல. காத்து பூந்துச்சாம்.”

“அப்பவே தெரிஞ்சதா?”

“புதன்கிழமையே தெரியும். நீ தள்ளிட்டு வந்தப்ப. இடுப்புக்கு நல்லதுன்னு உன்னை மாதிரி சோம்பேறி சொன்னா எவன் நம்புவான்?” காபியை ஆற்றினார். “நானா ஒத்துக்கத்தான் தைரியம் வரல. உன்ன அதுல ஓட்ட விட்டிருக்கக் கூடாது. அது தப்பு.”

நானும் அதில் ஓட்டியிருக்கக் கூடாது. இரண்டு பேரும் காபியைக் குடித்தோம்.

மார்ச் 16, ஞாயிறு

தம்பி பட்டறையில் ஏதோ மோட்டார் திணறுகிறதாம், கேட்டுப்போக வந்தான். இந்த முறை நடிக்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை அவனுக்கு. இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மார்ச் 22, சனி

மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பட்டறையிலேயே சாப்பிட்டாராம். ஒரு போன் பண்ணினால் என்ன குறைந்துபோகும்? சண்டை போட்டேன். நல்ல சண்டை, பழைய மாதிரி.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், என் வண்டி துண்டு துண்டாகக் கிடக்கிறது. மோட்டாரைப் பிளந்து, செம்புக் கம்பிச் சுருளெல்லாம் வெளியே தெரிய, பழைய போர்வையில் பரப்பி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் சுற்றிக் குந்தியிருந்தார்கள்.

“மறுபடி சத்தமா?”

“சத்தமெல்லாம் இல்ல. உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்னு தோணுச்சு.”

“பதிமூணு வீடு இருக்குங்க இன்னிக்கு. நான் எப்படிப் போறது?”

தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அத்தனை பேர் நடுவில், கிரீஸ் அப்பிய வலது கையை முழுசாக நீட்டி, பஸ் ஸ்டாப் இருக்கும் பக்கத்தைக் காட்டினார்.