ச்சீ என்றால் சாப்பிடு

கடலூர் முதுநகர்,
14.11.2011, திங்கட்கிழமை, காலை 5.40.
கைவசம் இருபத்துமூன்று சீன வார்த்தைகள்.

அன்புள்ள தமிழினிக்கு,

நான் நலம். நீயும் வயிற்றில் இருப்பவரும் நலமா? நீ போனை எடுப்பதில்லை. மாமாவுக்கு அடித்தால், "அவ பேசமாட்டேங்கிறா மாப்ள, நான் என்னா பண்ணட்டும்" என்கிறார். அதனால் கடிதம். மழையில் உங்கள் மாடிப்படி வழுக்கும், ஏறாதே.

முதலில் செய்தி. சீன மொழித் தேர்வில் தேறிவிட்டேன்! எங்கள் மின் நிலையத்தில் கொதிகலன் நிறுவும் சீன இன்ஜினியர் லின், சனிக்கிழமை எங்களை வரிசையாக நிறுத்தி, காலையில் எழுந்ததும் என்ன செய்வாய் என்று சீனத்தில் சொல்லச் சொன்னார். எழுந்திருக்க 'ச்சி ச்சுவாங்', முகம் கழுவ 'சீ லியென்', சாப்பிட 'ச்சீ'. அவர்களுக்குக் காலையில் எல்லாமே சீ, ச்சீதான்! மற்றவர்கள் பல் தேய்ப்பதோடு நின்றுவிட்டார்கள். நான் கம்பெனி பஸ் ஏறும் வரை நிறுத்தவில்லை.

இந்த ச்சீயால் மெஸ்ஸில் ஒரு நாள் சண்டையே வந்தது. லின் இட்லியைக் காட்டி, பக்கத்தில் இருந்த கிரேன் ஆப்பரேட்டர் சிங்காரத்திடம் சிரித்துக்கொண்டே "ச்சீ, ச்சீ" என்றார். மெஸ் நடத்தும் சவரியம்மாள் கரண்டியோடு வந்துவிட்டார். "என் இட்லியப் பாத்து ச்சீங்கிறானே, இவன் நாக்குல என்னா கொள்ளி?" சாப்பிடச் சொல்கிறார் என்று நான் விளக்கினேன். இப்போது அவரே, "நேரமாவுது, வந்து ச்சீங்கடா" என்று கூப்பிடுகிறார்.

இன்னொன்று கேள். சீனத்திலும் நீ என்றால் நீதான்! பெரிய அதிகாரியையும் நீ என்கிறார்கள். சிங்காரத்துக்கு மட்டும் வாய் வரவில்லை, "நீங்க" என்று இழுக்கிறார். 'நீ ச்சீ ல மா?' என்றால் சாப்பிட்டாயா என்று அர்த்தம்.

சரி, நம் விஷயம். ஜனவரியில் மூன்று மாதப் பயிற்சிக்குச் சீனா போகப் பேர் கொடுத்ததை, உன்னைக் கேட்காமல், முடிவாகவே உன்னிடம் சொன்னேன். குழந்தை பிப்ரவரியில். நீ ஒரே ஒரு "ச்சீ" சொல்லிவிட்டு போனை வைத்தாய். எனக்கும் கோபம்தான், இவளுக்கு என் வேலை புரியவில்லை என்று. சனிக்கிழமை நான் ஒப்பித்து முடித்ததும் லின் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார்: எல்லாம் 'வோ, வோ' என்றாயே, நான், நான் என்று, உன் வீட்டில் வேறு ஆளே கிடையாதா?

அடுத்த குழு எப்போது போகும் என்று அவரிடமே கேட்டேன். ஜூனில் இன்னொரு குழு போகிறதாம். அதற்கு மாற்றினால் இடம் நிச்சயமில்லை என்கிறார்.

வேளைக்கு மாத்திரை போடு. இருவரும் நன்றாக இருங்கள்.

உன்
சிவசங்கர்

இனி செய்யப்போவது:

1. இன்று எட்டு மணிக்கு லின்னிடம் போய் ஜனவரிப் பட்டியலிலிருந்து என் பேரை எடுக்கச் சொல்வேன். ஜூனில் கிடைத்தால் கிடைக்கட்டும்.
2. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் சிதம்பரம், மாமா வீடு.
3. உன் வாசலில் நின்று, "நீ ச்சீ ல மா?" என்று கேட்பேன்.
4. நீ மறுபடியும் "ச்சீ" என்றால், சாப்பிடச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவேன்.