லெந்து நாட்களில் நாங்கள் ஏறாத பேருந்து

அனுப்புநர்
ஹெப்சிபா ஆன்சன், எம்.ஏ.,
கீழச்செம்பட்டி,
அலங்காநல்லூர் வழி,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
நகரப் பேருந்துப் பணிமனை,
மதுரை.

பொருள்: கீழச்செம்பட்டியிலிருந்து ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, கடந்த மே மாதம் நிறுத்தப்பட்ட பேருந்தை மீண்டும் இயக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இன்று காலை எழுந்ததும் காப்பிகூடப் போடாமல், எங்கள் சபையைச் சேர்ந்த தங்கம் அக்காவின் வீட்டுக்குப் போனேன். இன்று அவரை ஆலயத்துக்கு அழைத்துச் செல்ல முடியாது என்பதை, அவர் கிளம்பும் முன்பே சொல்லிவிட நினைத்தேன். அதற்குள் அவர் வெள்ளைச் சேலை உடுத்தி, வேதாகமத்தைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதனால்தான் இந்த மனுவை இன்றே எழுதுகிறேன்.

1. எங்கள் ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் சொற்பம். ஆலயம் ஏழு கிலோமீட்டர் தள்ளி, நகர எல்லையில் இருக்கிறது. ஆராதனை காலை ஏழரைக்கு. ஏழு மணி வண்டியை விட்டால் அடுத்தது ஒன்பதுக்குத்தான்.

2. வீட்டிலிருந்தே சாமி கும்பிடலாமே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டிலும் ஜெபிக்கிறோம். ஆனால் நாங்கள் கடவுளைத் தகப்பன் என்று நம்புகிறவர்கள். ஜெபத்தில் அப்பா என்றே கூப்பிடுகிறவர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அன்று அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் எல்லாரும் ஒன்றாக முழங்காலிட்டு வாங்குவோம். தகப்பன் வீட்டில் பிள்ளைகள் ஒரே பந்தியில் உட்காருவது போன்றது அது. பாதிப்பேர் வராத பந்தியில், வந்தவர்களுக்கும் சாப்பாடு இறங்காது.

3. நிறுத்தப்பட்ட பேருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரும்பு வயல்களைத் தாண்டி வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது யாராவது ஒருவர் மெதுவாகப் பாட்டை எடுப்பார். ஆலயத்தில் இறங்குவதற்குள் பாதி ஆராதனை முடிந்தது போல இருக்கும். மல்லிகைப்பூ மூட்டையோடு வரும் சோணை அண்ணன் எங்கள் சபையைச் சேர்ந்தவரல்லர். “உங்க பாட்டு அம்புட்டும் எனக்கு மனப்பாடமாயிருச்சு. ஞானஸ்நானம் ஒண்ணுதான் பாக்கி” என்று கேலி செய்வார். இந்த மனுவில் அவரும் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார்.

4. போதிய பயணிகள் இல்லை என்பதால் பேருந்து நிறுத்தப்பட்டதாகத் தாங்கள் பதில் அனுப்பியிருந்தீர்கள். கணக்கெடுப்பு மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடந்ததாக அதில் கண்டிருந்தது. அவை எங்களுக்கு லெந்து நாட்கள். ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாட்களில் ஏதாவது ஒரு சுகத்தை விட்டுக்கொடுப்பது எங்கள் வழக்கம். சிலர் இறைச்சியை விடுவார்கள், சிலர் தொலைக்காட்சியை. இந்த ஆண்டு எங்கள் ஊர்ப் பெண்கள் கூடிப் பேசி, பேருந்தை விட்டோம். ஐந்தரைக்குப் புறப்பட்டு, இருட்டில் ஜெபித்துக்கொண்டே நடந்து போனோம். அந்த நேரத்தில்தான் தங்கள் கணக்கெடுப்பு நடந்திருக்கிறது.

5. அப்போது வண்டி காலியாக ஓடியது எங்களுக்குத் தெரிந்ததே அதன் நடத்துநர் பேயாண்டி அண்ணன் சொல்லித்தான். “ஆறு வாரம் காலி வண்டியத்தாம்மா ஓட்டுனோம். நீங்க என்னடான்னா ரோட்டோரமா வரிசையா நடந்து போறீங்க. ஆரன் அடிச்சா கையாட்டுறீங்க, ஏற மாட்டேங்குறீங்க. எங்க மேல என்ன கோவமோன்னு டிரைவர் அண்ணே கிட்ட சொல்லி வருத்தப்பட்டேன்” என்றார். அவர் மீதோ தங்கள் மீதோ எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. கடவுளுக்குக் கொடுத்ததை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டோம்.

6. லெந்தில் எங்கள் எல்லாருக்கும் முன்னால் நடந்தவர் தங்கம் அக்கா. அதன்பிறகு முழங்கால் வீங்கி, நடக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுவருவதாக ஆயர் சொன்னார். “அது படுத்துக் கெடக்குறவங்களுக்குங்கய்யா, எனக்கு முட்டிதான் வலிக்குது” என்று மறுத்துவிட்டார். ஆராதனையைக் கைபேசியில் பார்க்கச் சொன்னேன். அதற்கு அவர் சொன்னது: “எம் மகன் சிங்கப்பூர்ல இருந்து தெனமும் போன்ல பேசத்தான் செய்றான். வந்து முன்னால நின்ன மாதிரி ஆகுமா? அப்பாவுக்கும் அப்படித்தான இருக்கும்.” கடவுளை நாங்கள் தேடுவதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அவரும் எங்களுக்காகக் காத்திருந்து ஏங்குவார் என்று அதுவரை நினைத்ததில்லை.

7. ஆலயத்திலிருந்து சில வாரங்கள் வேன் அனுப்பினார்கள், தொடர முடியவில்லை. ஆட்டோக்கள் அந்த நேரத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் வருவதில்லை. என் ஸ்கூட்டரில் ஒருவரைத்தான் ஏற்ற முடியும். தங்கம் அக்காவையும் சேர்த்து, நடக்க முடியாதவர்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள். பிள்ளைகளில் வேறுபாடு பார்க்காத தகப்பனிடம் போவதற்கு, வாராவாரம் நான் ஒருவரைத் தேர்ந்தெடுத்து நால்வரை விட்டுவிட்டுப் போகிறேன். இன்று ஞானசுந்தரி அம்மாவின் முறை. அதைச் சொன்னதும் தங்கம் அக்கா, “அவள முதல்ல கூட்டிட்டுப் போ. நீ வர்ற வரைக்கும் இந்தச் சேலைய மாத்த மாட்டேன், போ” என்றார். திருவிருந்தில் என் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு முழங்காலிட்டேன். பின்னால் நின்றவர் நகர்ந்துகொள்ளச் சொன்னார். நகர்ந்தேன்.

ஆகவே, சாதாரண ஞாயிறு ஒன்றில் மறுபடி கணக்கெடுத்து, ஏழு மணிப் பேருந்தை மீண்டும் விடும்படி பணிவுடன் வேண்டுகிறேன். இனி எந்த லெந்து காலத்தில் நடப்பதென்று முடிவு செய்தாலும், தங்கள் கிளைக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கிறோம்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை, அந்த ஐந்து பேரோடு நானும் எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிற்பேன். பேருந்து வந்தால் ஏறுவோம். வராவிட்டால் நானும் ஆலயத்துக்குப் போகப் போவதில்லை. அவர்களுக்குக் கிடைக்கும்வரை நானும் திருவிருந்து எடுக்கப் போவதில்லை. சிறுவயதில் திடப்படுத்தல் பெற்று, முதல்முறை திருவிருந்து எடுத்த நாளிலிருந்து நான் அதைத் தவறவிட்டதில்லை. தங்களை நெருக்குவதற்காக இதை எழுதவில்லை. என் கணவருக்கோ ஆயருக்கோ தங்கம் அக்காவுக்கோ இது இன்னும் தெரியாது.

இடம்: கீழச்செம்பட்டி
நாள்: 05.10.2025

தங்கள் நல்ல பதிலை எதிர்நோக்கும்,
ஹெப்சிபா ஆன்சன்
(கையொப்பம்)