சுவருக்கு அந்தப் பக்கத்துக் கரண்ட்

9-3-99, செவ்வாய்

புழுக்கம். மழை வருவதுபோல் வந்து கலைந்துவிட்டது.

எங்கள் கடைக் கம்ப்யூட்டரைக் கெடுப்பது மாமாதான். சந்தேகம் என்று எழுதவில்லை. அவர்தான்.

இன்று மாலையும் நின்றுபோனது. காலேஜ்காரர்கள் இரண்டு பேர் கார் ரேஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் கட். கேரளாவில் இப்போது தினமும் மாலையில் அரை மணி நேரம் போகிறது. விளக்கு அணைந்தது, ஃபேன் நின்றது, கம்ப்யூட்டர் ஓடியது. அதுதான் எங்கள் பெருமை. கடை கேரளாவில். பின்சுவருக்கு அந்தப் பக்கம் மாமா வீட்டுச் சாமான் அறை, அது தமிழ்நாடு. மீட்டர் வேறு, கரண்ட் வேறு. சுவரில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டர் வயரை அந்தப் பக்கம் செருகி வைத்திருக்கிறோம். இங்கே போனாலும் அங்கே போகாது.

ஆனால் இருட்டில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுப் படம் அப்படியே உறைந்தது. பிறகு நீலத்திரை. ஒரு வாரமாக இதே கதை.

காரணம்: கட் நேரம் பார்த்து மாமா கிணற்று மோட்டாரைப் போடுகிறார். வோல்டேஜ் சரிகிறது. வேண்டுமென்றே. கடைமுறியும், அதாவது இந்த அறையும், அவருடையதுதான். நேராகக் காலி செய்யச் சொன்னால் அம்மா சண்டைக்கு வருவாள் என்று பயந்து, இப்படி.

10-3, புதன்

வெயில். தலைவலி.

செய்து பார்த்தவை: ராம் மாற்றியது. ஜம்பரை மாற்றிப் பிராசசர் வேகத்தை ஒரு படி குறைத்தது. தண்ணீர் டியூப் முழுக்கத் துணியால் துடைத்துக் கசிவு தேடியது. வாளியில் தண்ணீர் மட்டம் சரி. பம்ப் முனகுகிறது, சரி. மத்தியானம் முழுக்க ஒரு குறையும் இல்லை. மாலையில் செத்தது.

கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுகிறோம், அதனால் சூடு, அதைத் தணிக்க டியூபில் சுற்றும் தண்ணீர். மீன்தொட்டிப் பம்ப், பழைய கார் ஹீட்டரிலிருந்து கழற்றிய குட்டி ரேடியேட்டர், பிராசசர் மேல் செம்புக் கட்டை. கட்டையை ராவி எடுத்தவன் செல்வின். பாலிடெக்னிக்கில் என் கூடப் படித்தவன், பொழியூர் கடற்கரை, அப்பா மீன்பிடி வேலை. கடையில் பாதிப் பங்கு அவனுடையது. இந்தக் கட்டையை நான் மூன்று தடவை முயன்று கெடுத்திருக்கிறேன்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டருக்கு தண்ணி காட்டியாச்சு. இனி எப்பளாக்கும் புல்லு?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செல்வின் சிரிக்கவில்லை. ஏன்?

திருவனந்தபுரத்து ஆள் போன் செய்தார். சனிக்கிழமை மாலை வருகிறார். அங்கே கேம் சென்டர் திறக்கிறாராம், இதே மாதிரி மெஷின்கள் வரிசையாக வேண்டுமாம். “ஒரு மணிக்கூர் நிக்காதெ ஓடணும். அது மதி” என்றார். ஒரே ஒரு மணி நேரம், அவ்வளவு போதுமாம். ஓடினால் எங்களுக்கு ஒரு தொழில். இல்லாவிட்டால் பழையபடி கல்யாணப் பத்திரிகை டைப் செய்யலாம்.

11-3, வியாழன்

கட் நேரத்தில் மாமா வீட்டுக் கொல்லைக்குப் போய் மோட்டார் பக்கத்திலேயே நின்றேன். கையும் களவுமாகப் பிடிக்க.

மாமா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “எலே, இஞ்ச என்ன முளிச்சிட்டு நிக்கிய?”

“மோட்டார் போடல்லியா மாமா?”

“காலத்தே விடிஞ்ச ஒடனே போட்டாச்சு. என்ன, உனக்கு குளிக்கணுமா?”

மோட்டார் தொட்டால் சில்லென்றிருந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்வினின் குரல்: “மக்கா, நிண்ணு போச்சு!”

மாமா பேப்பரை மடித்தார். “கடப்புறத்துக்காரனக் கூட்டிக்கொண்டு வச்சிருக்கியல்லா. அவனுக்க கைய நோக்கு.”

அசிங்கமான பேச்சு. சண்டை பிடித்தேன். ஆனால் கடைக்குத் திரும்பும்போதே மனம் அந்த வழியில் போய்விட்டது. நான் கொல்லையில் நின்றபோது மெஷின் முன்னால் இருந்தவன் அவன் மட்டும். திருவனந்தபுரத்து ஆளின் போன் நம்பர் அவனிடமும் உண்டு. எனக்குத் தெரியாமல் அந்த ஆளிடம் தனியாகப் பேசியிருப்பானோ?

மாமாவின் வாயிலிருந்து வந்தது என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. தூ.

12-3, வெள்ளி

காற்று இல்லை.

கட் வந்ததும் செல்வின் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையைப் பார்க்கவில்லை, அவன் கைகளைப் பார்த்தேன். இரண்டும் முழங்கால் மேல். படம் உறைந்தது.

“எனக்க கையப் பாத்தது போதும். டியூபத் தொட்டுப் பாரு” என்றான்.

கொதித்தது. பம்ப் சத்தமே இல்லை. ஃபேனோடு சேர்ந்து அதுவும் நின்றதை யார் கவனித்தது? டார்ச் அடித்து மேசைக்கு அடியில் குனிந்தேன். பம்பின் பிளக் ஃபேன் பிளக்கோடு எங்கள் கடை போர்டில் இருந்தது. கம்ப்யூட்டருக்குத் தமிழ்நாட்டுக் கரண்ட், பம்புக்குக் கேரளாக் கரண்ட்! இங்கே கட் ஆனால் தண்ணீர் நிற்கும், மெஷின் வெந்துகொண்டே ஓடும். கரண்ட் வந்ததும் பம்ப் தானாக முனக ஆரம்பித்தது. நான் சோதிக்கும்போதெல்லாம் சரியாக இருந்ததும் அதனால்தான்.

“பம்புக்க பிளக்க அந்தப் பக்கம் குத்தச் சொல்லிட்டுத்தானே நான் நெய்யாற்றின்கரைக்கு டியூப் வாங்கப் போனேன்?” என்று கேட்டேன்.

“குத்தத்தான் போனேன். சாமான் முறி நடையில உனக்க மாமா நிண்ணாரு. ‘நீ உள்ள கேறண்டாம், சாமி வெளக்கு வச்சிருக்க இடமாக்கும்’ணு சொன்னாரு. பின்ன நான் எங்க குத்த?”

“ஏம்லே சொல்லல்ல?”

“எப்பிடிச் சொல்ல? நீ போய்ச் சண்டை போடுவ. அவரு முறியக் காலி செய்யச் சொல்லுவாரு. வாளியில தண்ணி உண்டு, அரை மணிக்கூறு தாங்கும்ணு நெனச்சேன். தாங்கல்ல.”

அவன் அரத்தையும் ஸ்க்ரூ டிரைவரையும் பைக்குள் போட்டான்.

“நீ போய்க் குத்து, ஒரு நிமிசம் போதும். நாளைக்கு நான் வரல்ல.”

“அந்த ஆளு வாறாருலே!”

“வரட்டு. அவரு நடையில வச்சு நிறுத்தினாரு. நீ பக்கத்துல இரிந்து எனக்க கைய நோக்கின. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லு?”

பொழியூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

13-3, சனி

விடியும்போது தூறல். இப்போது வெயில்.

பிளக் இன்னும் கடை போர்டில்தான். நானே குத்தலாம். உறவுக்காரன், எனக்குத் தடை இல்லை. குத்தினால் மாலையில் மெஷின் நிற்காமல் ஓடும், அந்த ஆள் தலையாட்டுவார். பிறகு செம்புக் கட்டை யார் ராவுவது என்பதல்ல விஷயம். அவனை வாசலில் நிறுத்தியே இந்தத் தொழில் தொடங்கும் என்பதுதான்.

மாமா முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். விஷயம் முழுவதையும் சொன்னேன்.

“குத்தண்டாம்ணு உன்னச் சொன்னனா? போய்க் குத்து” என்றார்.

“நான் குத்தமாட்டேன். அவன் குத்தணும்.”

“அதுக்கு?”

மாமி அடுக்களையிலிருந்து, “மெல்லப் பேசு மக்களே, பக்கத்துல ஆளு உண்டு” என்றாள். நான் சத்தத்தைக் குறைக்கவில்லை.

“மாமா, இப்பம் பஸ் ஏறினா பொழியூருக்குப் போய் அவனக் கூட்டிட்டு வந்திருவேன். அவன் இந்த நடை வழியா உள்ள கேறி, அவனுக்க கையால குத்தணும். நீங்க இஞ்ச நிண்ணு ‘வா’ணு கூப்பிடணும். கூப்பிடுவியளா, மாட்டியளா?”

மாமா அடுத்த தேங்காயை எடுத்தார்.